மடிப்பில் விழுந்த புள்ளி

மருந்துத் தொழிற்சாலையின் பேக்கிங் கூடத்தில் அவளை எல்லோரும் மெஷின் என்றே கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்களுக்கு மெஷின் அக்கா. தட்டையாக வரும் அட்டையைத் தட்டி விரித்து, அடி மடலைச் செருகி, புட்டியையும் துண்டுத் தாளையும் உள்ளே போட்டு, மேல் மடலை மூடி அடுக்கில் வைக்க அவளுக்கு மூன்று நொடிகூட ஆகாது. பதினாறு வருஷம் அதையே செய்தாள். அப்புறம் நிஜமாகவே ஒரு மெஷின் வந்தது. கூடத்தில் இருந்த நாற்பது பேரில் நான்கு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

"பேரையும் அதுக்கே குடுத்துட்டு வந்துட்டேன்" என்று கேட்டுக்கு வெளியே வந்து சிரித்தாள். மற்றவர்கள் அழுதுகொண்டிருந்ததால் அந்தச் சிரிப்பில் யாரும் சேரவில்லை.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கையில் இருந்தது பெட்டி மடிக்கும் வேகமும் ஆறு மாதப் படிப்பும்தான். படிப்பு என்றால், தொழிற்சாலையில் அவளுடைய கடைசி வருஷத்தில் நூலகத்து மாடியில் சாயங்கால வகுப்பாக நடந்த டிசைன் பயிற்சி. சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். ஏன் அதில் சேர்ந்தாள் என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்வாள். "பதினாறு வருஷமா அடுத்தவங்க வரைஞ்ச பெட்டியை மடிச்சிருக்கேன். அதுல பாதிப் பெட்டியை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். எந்தப் படுபாவி இதை வரைஞ்சான், மடிக்கிறவ கையை ஒரு தடவ பாத்திருப்பானான்னு. சரி, நாமளே வரைஞ்சு பாப்பமேன்னு தோணுச்சு."

புருஷன் லாரி ஓட்டுநர். கிடங்கில் சரக்கு ஏற்றும்போது வழுக்கி விழுந்து வலது தோள் நொறுங்கி, கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி ஏழு மாதமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தெருவில் போகும் ஒவ்வொரு லாரியையும் சத்தத்தை வைத்தே இன்ன வண்டி, இன்ன கோளாறு என்று சொல்லுவார். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். மகளுடைய பழைய லேப்டாப்தான் அம்மாவின் பட்டறை. அதில் இடைவெளி விடும் பட்டன் சரியாக அழுந்தாது. கட்டை விரலால் ஓங்கிக் குத்த வேண்டும்.

"அம்மா, மெதுவா. அது பெட்டி இல்ல" என்பாள் மகள்.

காட்டுவதற்கு வேலை எதுவும் செய்ததில்லை என்பதால், வீட்டில் இருந்த உப்புப் பொட்டலம், தரை துடைக்கும் திரவம், இருமல் மருந்து எல்லாவற்றின் லேபிளையும் தன் இஷ்டத்துக்குத் திருத்தி வரைந்தாள். பதினோரு பக்கம் சேர்ந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு டிசைன் ஆபீஸ்களில் வேலை கேட்டுப் படியேற ஆரம்பித்தாள்.

முதல் இடத்தில் இரண்டு வருஷ அனுபவம் கேட்டார்கள்.

"முதல் வேலைக்கு எங்கேர்ந்து சார் அனுபவம் வரும்?"

"எல்லாரும் இதைத்தாம்மா கேக்கறாங்க."

"எல்லாரும் கேக்கறாங்கன்னா நீங்க இன்னும் பதில் சொல்லலைன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

இரண்டாவது இடத்தில் கதவைத் திறந்த இளைஞன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாளி அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கு அக்கா, முதல்ல பாத்ரூம்" என்றான். சுத்தம் செய்ய வரவேண்டிய ஆள் அன்று வரவில்லை போலிருக்கிறது.

"வாளியை அப்புறம் பாக்கலாம் தம்பி. முதல்ல இதைப் பாருங்க" என்று பதினோரு பக்கத்தையும் மேஜையில் விரித்தாள். அவன் காது சிவக்க முழுவதையும் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான். வேலை மட்டும் கொடுக்கவில்லை.

மூன்றாவது இடத்திலும் இல்லை. நான்காவது, பச்சைக் கண்ணாடி பதித்த ஒரு மாடி ஆபீஸ். அதன் முதலாளி தாடிக்காரர். வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்' என்றார்.

"மேடம், உங்க கண்ணு நல்லா இருக்கு. ஒரு சின்ன டெஸ்ட் குடுக்கறேன். குழந்தைங்க காய்ச்சல் மருந்து, சிரப். அதுக்கு ஒரு பெட்டி. மூணு நாள்ல கொண்டு வாங்க. பிடிச்சிருந்தா திங்கக்கிழமையே சேந்துக்கலாம்."

அந்த மூன்று நாளும் மழை விடவில்லை. ஈரத்தில் பசை காயாமல் அட்டை வாயைப் பிளந்துகொண்டே இருந்தது. சமையலறை மேஜையில் வெட்டுவதும் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். ரொட்டியும் அவித்த முட்டையும் நின்றபடியே சாப்பிட்டாள். புருஷன் இடது கையால் மடலை அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

"ஏங்க, ஆடாம பிடிங்க."

"ஆடலம்மா. என்னை ஹேண்ட் பிரேக் மாதிரி நினைச்சுக்க. எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"காயற வரைக்கும்."

"இந்த மழையில காயறதுக்கா? சாப்பாட்டை இங்கயே கொண்டு வந்துடு."

அவள் எதை வரைவது என்று அதிகம் யோசிக்கவில்லை. யார் படிப்பார்கள் என்றுதான் யோசித்தாள். குழந்தை நெருப்பாய்க் கொதிக்கிறது, ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பெட்டி. அந்தத் தாய் எதைத் தேடுவாள்? எவ்வளவு கொடுப்பது என்பதைத்தான். அதனால் பெட்டியின் அகலமான முகத்தில், நட்ட நடுவில், ஒரு அளவுக் குவளையை வரைந்தாள். அதில் மூன்று கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் வயதும் அளவும் கட்டை விரல் பருமனில். இரண்டு வயதுக்குள் 2.5 மில்லி, அடுத்து 5, அதற்கடுத்து 7.5. மடிப்பிலிருந்து ஒரு விரல் தள்ளியே எல்லாம் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். மடிப்பில் மை நிற்காது என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். நீல நிறத்தில் மூன்று மாதிரி செய்து, இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தாடிக்காரர் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லி அனுப்பறோம் மேடம்" என்றார்.

சொல்லியும் அனுப்பவில்லை, ஆளும் அனுப்பவில்லை. பத்து நாள் கழித்து அவளே ஃபோன் செய்தபோது, வேறொருவரை எடுத்துவிட்டதாக அங்கிருந்த பெண் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புருஷனின் அண்ணன் வந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். நல்ல மனுஷர். தம்பி விழுந்த அன்று முதல் ஆளாக ஓடி வந்தவர். அதனாலேயே அவர் பேச்சைத் தட்டுவது கஷ்டம்.

"இந்தாம்மா, எங்க கூடத்துல போர்வை மடிக்கிற இடம் ஒண்ணு காலி. உன் கை வேகத்துக்கு அது தூசு. நான் சொல்லி வச்சிருக்கேன்."

"மாமா, நான் டிசைன் வேலை தேடிக்கிட்டிருக்கேன்."

"தேடினது போதும்மா. நாலு இடம் ஏறி இறங்கிட்ட. உன் வயசுக்கு யாரு குடுப்பா? சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத."

"தப்பாத்தான் எடுத்துக்கறேன் மாமா."

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஜன்னலைப் பார்த்தார்.

"அண்ணன் சொல்றதுல என்ன தப்பு?" என்றார் புருஷன், முகத்தைத் திருப்பாமல். "வீட்ல ஒரு ஆளாவது வேலைக்குப் போகணும்ல?"

"போவேன். போக மாட்டேன்னு சொல்லல. ஆனா மடிச்சது போதும். இன்னொரு பதினாறு வருஷம் மடிக்கிறதுக்கு எனக்கு ஆயுசு இல்ல."

பெரியவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பாட்டு நேரத்தில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது. மகள் மட்டும் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீ சொன்னது சரிம்மா" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போவாள். அம்மாவோ ஐந்தாவது இடம், ஆறாவது இடம் என்று ஏறிக்கொண்டுதான் இருந்தாள்.

ஐந்து வாரம் கழிந்திருக்கும். புருஷனின் தோளுக்குத் தடவும் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் உள்ளே தைலத்தைத் தேடும்போது அவள் கண் தற்செயலாக அலமாரிக்குப் போனது. குவளை! மூன்று கோடு போட்ட குவளை. ஒன்பது பெட்டிகள் வரிசையாக நின்றன. நீலம் ஆரஞ்சாக மாறியிருந்தது, அவ்வளவுதான். மற்றபடி அவள் கைதான்.

முதலில் அவளுக்கு வந்தது கோபம் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. தான் வரைந்தது கடையில் நிற்கிறதே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோபம் அடுத்த மூச்சில் வந்தது.

பெட்டியை எடுத்துத் திருப்பினாள். அகலமான முகத்தில் சிரிக்கும் குழந்தையின் படத்தைப் போட்டுவிட்டு, குவளையையும் அளவையும் ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். இடம் பற்றாமல் எண்கள் முனை வரைக்கும் போயிருந்தன. கைக்குழந்தைக்கான 2.5 சரியாக மடிப்பின் மேல் விழுந்திருந்தது. இரண்டு ஒரு பக்கம், ஐந்து மறுபக்கம், நடுவில் மடிப்பின் முதுகில் புள்ளி. ஒன்பது பெட்டியையும் எடுத்துப் பார்த்தாள். இரண்டில் புள்ளி தேய்ந்து போயிருந்தது. இருபத்தைந்து மில்லி என்று நின்றது.

"அண்ணே, இந்த ரெண்டையும் யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று கடைக்காரரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "அடப்பாவமே!" என்று ஒன்பதையும் கீழே இறக்கி வைத்தார். தேய்ந்ததில் ஒன்றையும் நல்லதில் ஒன்றையும் வாங்கிக்கொண்டு அவள் நேரே பச்சைக் கண்ணாடி ஆபீசுக்குப் போனாள்.

"டெஸ்டுங்கறது டெஸ்ட் மேடம்" என்றார் தாடிக்காரர். "குவளை யாரு வேணா வரையலாம். உங்க பேரு எழுதியிருக்கா அதுல?"

"பேரை விடுங்க. அந்தக் கணக்கு வேற. இந்தப் புள்ளியைப் பாருங்க. மடிப்புல போட்டிருக்கீங்க. தேயுது. கைக்குழந்தைக்கு இருபத்தஞ்சு மில்லின்னு நிக்குது."

அவர் பார்த்தார். ஒரு நொடி முகம் மாறியது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அடுத்த தடவ அடிக்கும்போது மாத்திக்கலாம். இப்ப இதைப் பெருசாக்க வேணாம். நீங்க வேலைக்குத்தானே அலையறீங்க? நாளைக்கே வந்து சேருங்க. அந்த ஜன்னல் பக்கத்து சீட்டு உங்களுக்கு."

ஜன்னல் பக்கத்து இருக்கையை அவள் திரும்பிப் பார்த்தாள். பெரிய திரை, நல்ல வெளிச்சம். பட்டன் எல்லாம் சரியாக அழுந்தும்.

"நாளைக்கு அந்த மருந்தை எத்தனை பேர் வாங்குவாங்க?" என்று கேட்டாள்.

"மேடம்..."

"அடுத்த தடவ அடிக்கிற வரைக்கும் எத்தனை பேர்?"

அவள் இரண்டு பெட்டிகளையும் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வைத்துவிட்டே வெளியே வந்தாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது புருஷன் ஜன்னலை விட்டு எழுந்துவிட்டார்.

"வேலை தரேன்னானா?"

"ஆமா."

"வேணாம்னுட்டு வந்தியா?"

"ஆமா."

மகள் புத்தகத்தை மூடினாள். அவர் தேய்ந்த பெட்டியை இடது கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த மகள் ஒரு வயதில் காய்ச்சலில் வெட்டி இழுத்தபோது அவர்தான் லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்.

"மருந்துக் கம்பெனி எங்க இருக்கு?"

"ஊர் எல்லையில. பெட்டியில போட்டிருக்கு."

"காலையில நானும் வரேன்" என்றார்.

மறுநாள் தூறலில் இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். கேட்டில் காவலாளி குடையை விரித்துக்கொண்டு வந்து, "யாரைப் பாக்கணும்? முன்னாடியே சொல்லியிருக்கீங்களா?" என்றார்.

"யாரையும் தெரியாது. உங்க குழந்தை மருந்துப் பெட்டியில அளவு தப்பாத் தெரியுது. அதைப் பாக்கறவங்க யாரோ அவங்களைப் பாக்கணும்."

"அப்படியெல்லாம் உள்ள விட முடியாதும்மா. லெட்டர் எழுதிப் போடுங்க."

"சரி, விட வேணாம். ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லுங்க, போதும். சொல்லலைன்னா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், கேட்டுல இருந்த அண்ணன்கிட்ட அன்னைக்கே சொன்னேன்னு."

காவலாளி அவளையும் கை கட்டுப்போட்ட மனுஷரையும் பார்த்தார். பிறகு கூண்டுக்குள் போய் ஃபோனை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண் அதிகாரி வந்து இருவரையும் அழைத்துப்போனார். தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவி. பேச்சில் அவசரம் இருந்தது. மெஷின் அக்கா எதையும் விளக்கவில்லை. நல்ல பெட்டியை எடுத்து இன்னொரு பெட்டியோடு முனைக்கு முனை வைத்துத் தேய்த்தாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே தேய்த்தாள். இருபதில் நிறுத்தி அதிகாரியின் முன்னால் வைத்தாள். புள்ளி இல்லை.

"நீங்க வேணும்னு அழுத்தித் தேச்சீங்க" என்றார் அதிகாரி.

"பெரிய பெட்டியில நாப்பத்தெட்டு அடைச்சு லாரியில போட்டா இதைவிட அழுத்தமாத் தேயும்மா. பதினாறு வருஷம் அடைச்சிருக்கேன்."

"மேட்டுல ஏறி இறங்கினா இன்னும் மோசம்" என்றார் புருஷன். அறைக்குள் வந்ததிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான். "பின்னாடி சரக்கு உரசற சத்தம் டிரைவர் சீட்டு வரைக்கும் கேக்கும்மா. நான் பத்தொன்பது வருஷம் கேட்டிருக்கேன்."

அதிகாரி தானே எடுத்து ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்து, "சிரப் எதுவும் வெளிய போகக் கூடாது. போனதைத் திரும்ப எடுக்கணும். கடைகளுக்கு இப்பவே சொல்லுங்க" என்றார். ஃபோனை வைத்துவிட்டு, "இதுவரைக்கும் எந்தப் புகாரும் வரல. நல்ல காலம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அப்புறம்தான் அவளை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

அவள் பையிலிருந்து நீல மாதிரியை எடுத்து ஆரஞ்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதை வரைஞ்சவ."

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நீலத்தில் புள்ளி எங்கே இருக்கிறது என்றும் பார்த்தார். "இதையே எங்களுக்குக் காட்டியிருந்தாங்கன்னா..." என்று இழுத்துவிட்டு, "அவங்ககிட்ட நாங்க பேசிக்கறோம். உங்களுக்கு என்ன செய்யணும்?" என்றார்.

"வேலை வேணும்."

"வரையற வேலை இங்க கிடையாதும்மா."

"எங்க இருக்கு?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தாளில் முகவரி எழுதினார். "எங்களுக்குப் பெட்டி அடிக்கிற அச்சகம். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஃபைலைப் பாத்துத் திருத்தறவர் போன மாசம் வேலையை விட்டுட்டார். அதனாலதான் இது கண்ணுல படாம வந்திருக்கு. போய்ப் பாருங்க. ஆனா ஒண்ணு, இன்னைக்கு அச்சக முதலாளி உங்க மேல கொலை வெறியில இருப்பார்."

அச்சகம் தொழிற்பேட்டையின் கடைக்கோடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் மை வாசனை, தரை அதிரும் சத்தம். அதன் முதலாளி குள்ளமான மனுஷர், கையெல்லாம் ஆரஞ்சு மை. ஒரு சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்த சிரப் அட்டைகளுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். செய்தி ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

"ஏம்மா, என் அட்டை மொத்தத்தையும் குப்பையில போட வச்சது நீதானா?"

"ஆமா."

"என்கிட்டயே வேலை கேட்டு வந்திருக்கியா?"

"ஆமா."

அவர் அவளுடைய புருஷனைப் பார்த்தார், எப்போதும் இப்படித்தானா என்று கேட்பதுபோல. ஆமாம் என்று புருஷன் தலையை ஆட்டினார்.

"எத்தனை வருஷ அனுபவம்?"

"வரையறதுல ஆறு மாசப் படிப்பு, பதினோரு பக்கம், ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைத்தான் திருடி, கெடுத்து, உங்ககிட்ட அச்சடிக்கக் குடுத்தாங்க. மடிக்கிறதுல பதினாறு வருஷம். இது பத்தாதுன்னா சொல்லிடுங்க, பஸ் இருக்கும்போதே போறோம்."

அச்சகக்காரர் மூக்கைச் சொறிந்தார். மூக்கும் ஆரஞ்சாயிற்று.

"மூணு மணிக்குள்ள புதுப் பெட்டிக்கு அச்சுத் தகடு ஏத்தணும். அதோ கம்ப்யூட்டர். முடியுமா?"

அவள் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் இடைவெளிப் பட்டனைக் கட்டை விரலால் ஓங்கிக் குத்தினாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைப் படத்தை ஓரத்துக்கு அனுப்பினாள். குவளையை நடுவில் கொண்டுவந்தாள். எண்களை மடிப்பிலிருந்து ஒரு விரல் தள்ளி வைத்தாள். நிறத்தை நீலமாக்கும்போது மட்டும், "அவங்க ஆரஞ்சுதானே கேட்டாங்க?" என்றார் அச்சகக்காரர்.

"வெளிய கிடக்கறதும் ஆரஞ்சுதான். ரெண்டும் ஒரே கலர்ல இருந்தா கடைக்காரர் எதைத் திருப்பி அனுப்புவார்?"

அவர் உடனே கம்பெனிக்கு ஃபோன் போட்டார். மறுமுனையில் சரி என்றார்கள். இரண்டே முக்காலுக்கு வெள்ளை அட்டையில் முதல் மாதிரிப் பெட்டி வெளியே வந்தது. அவள் அதைத் தட்டி விரித்து, செருகி, மூடி, மேஜையில் வைத்தாள். மூன்று நொடி.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு" என்றார் அச்சகக்காரர்.

மறுநாள் எட்டுக்குப் பத்து நிமிஷம் முன்பே போய் நின்றாள். ஆபீஸ் குமாஸ்தா அடையாள அட்டைக்காக அவளைப் படம் பிடித்து, பெயரைக் கேட்டு அடித்து, திரையை அவள் பக்கம் திருப்பினார். பெயருக்குக் கீழே 'உதவியாளர்' என்று இருந்தது.

"இது தப்பு" என்றாள்.

"என்ன தப்பு? எழுத்துப் பிழையா?"

"வேலை தப்பு. வடிவமைப்பாளர்னு போடுங்க."

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். "அது நீளமான வார்த்தைம்மா. அட்டையில அந்தக் கட்டம் சின்னது, இடம் பத்தாது. இப்போதைக்கு உதவியாளர்னு இருக்கட்டும். ரெண்டு வருஷம் போனா பாத்துக்கலாம். எல்லாரும் அப்படித்தான்."

"நீங்க கொஞ்சம் எழுந்திருங்க."

"என்னது?"

"எழுந்திருங்கண்ணே. அஞ்சு நிமிஷம்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் எழுந்துவிட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உதவியாளரை அழித்தாள். வார்த்தையை அடித்தாள். கட்டத்துக்கு வெளியே இரண்டு எழுத்து துருத்திக்கொண்டு நின்றது. எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்தாள், இடைவெளியைச் சற்று நெருக்கினாள், கட்டத்தின் கோட்டை ஒரு இழை மெலிதாக்கினாள். ஒரு எழுத்துகூட நசுங்காமல், மேலே இருந்த பெயரின் அகலத்துக்கே அந்த வார்த்தை போய் உட்கார்ந்தது. அட்டை சூடாக வெளியே வந்து விழுந்தது.

குமாஸ்தா அதை எடுத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தன் கழுத்தில் தொங்கிய அட்டையையும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"என்னோடது கோணலா இருக்கு" என்றார் மெதுவாக.

"குடுங்க" என்று கையை நீட்டினாள் வடிவமைப்பாளர்.